இரண்டு பெரியவர், இரண்டு பிள்ளைகள்

குடும்ப அறை என்றால்
இரண்டு பெரியவர், இரண்டு பிள்ளைகள்.
வேறெதிலும் ஒத்துப்போகாத விடுதிக்காரர்கள்
இதில் மட்டும் ஒரே பேச்சு.
எங்களுக்கு மூன்று பிள்ளைகள். ஆக ஐவர்.
என் கணவர் பெயரும் ஐவர்தான்;
அதற்குத் தள்ளுபடி கிடையாது.

ஜனவரி முழுக்க
பள்ளிச் சமையலறையில் தட்டு கழுவி ஊறிய விரலால்
லண்டனைத் தேடினேன்.
மலிவு இருந்த இடத்தில் லண்டன் இல்லை.
லண்டன் இருந்த இடத்தில் மலிவு இல்லை.
ஒன்றில் எல்லாம் பொருந்தி வந்தது,
குளிக்கும் தொட்டி அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது.
இன்னொன்று, நகரின் நடுவுக்கு நாற்பது நிமிடமாம்.
எதில் போனால் என்று சொல்லவில்லை.

இரண்டு அறை எடுப்போம் என்றார் ஐவர்.
இரண்டு அறை என்றால் இரு மடங்கு,
இரு மடங்கு என்றால் இரண்டே இரவு,
இரண்டு இரவுக்கா ரெக்ஸமிலிருந்து
ஐந்து ரயில் சீட்டு?
கொஞ்ச நேரம் கழித்து, கூடாரம் என்றார்.
நான் பதில் சொல்லவில்லை.

கூட வேலை செய்யும் லொவ்ரிதான் வழி சொன்னாள்:
'நாலு என்று எழுது.
சின்னதைக் கோட்டுக்குள் வைத்துக் கூட்டிப் போ.
பிளாக்பூலுக்கு நாங்கள் மூன்று தடவை
அப்படித்தான் போனோம்.
மூன்றாவது தடவை அவனுக்கு
மீசை அரும்பியிருந்தது.'

நாலு என்று எழுதினேன்.
நெஸ்ட் தரையில் குப்புறப் படுத்து
படம் போட்டுக்கொண்டிருந்தாள்.
ஆறு, பாலம், சிவப்புப் பேருந்து,
அதன் மாடியில் ஐந்து உருண்டைத் தலைகள்.
கடைசித் தலைக்கு மட்டும் தொப்பி.

அழித்தேன்.

ஏப்ரலில் கிடைத்தது ஒரு மாணவர் விடுதி.
படிக்கிறவர்கள் ஆகஸ்டில் ஊருக்குப் போய்விட
அறைகளை வாடகைக்கு விடுகிறார்கள்.
ஒரே தாழ்வாரத்தில் ஐந்து ஒற்றை அறைகள்,
கோடியில் பொதுச் சமையலறை.
ஐந்தும் சேர்த்து
ஒரு குடும்ப அறையைவிட ஏழு பவுன்தான் கூட.
எலி வளையானாலும் தனி வளை என்பார்கள்;
ஆளுக்கொரு வளை!
அடுக்குக் கட்டிலில் மேலும் கீழுமாய்
சண்டை போட்டே வளர்ந்த யாண்டோவும் மாலியும்
சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு
ஒருவரையொருவர் தெரியாதவர் போல
நடந்தார்கள்.

என் அறைச் சுவரில் ஊசித் துளைகள்,
ஒரு படம் இருந்த சதுரத்தில் மட்டும்
வெளுக்காத மஞ்சள்.
இழுப்பறைக்குள் பென்சிலால் யாரோ:
'ஜன்னல் சிக்கும். இடது கீழ் மூலையில் தட்டு.'
தட்டினேன்.
வெங்காயம் பொரியும் வாசம், ஆம்புலன்ஸ்,
எந்த மொழியிலோ ஒரு பெரிய சிரிப்பு
எல்லாம் ஒன்றாய் உள்ளே விழுந்தன.

பிறந்த வீட்டில் அக்காவோடு. பிறகு ஐவரோடு.
நாற்பத்தொரு வயதில்
எனக்கென்று ஒரு கதவு.
பூட்டிப் பார்த்தேன்.
கட்டில் நடுவில், கையை மடியில் வைத்து,
பல் மருத்துவரிடம் காத்திருப்பவள் போல
உட்கார்ந்திருந்தேன்.
நன்றாகத்தான் இருந்தது.
ஏறக்குறைய இருபது நிமிடம்.

முதலில் நெஸ்ட், தலையணையோடு.
அப்புறம் மாலி,
என் ஜன்னலில் என்ன தெரிகிறது என்று பார்க்க.
யாண்டோவுக்குப் பயமெல்லாம் இல்லை,
அவன் அறையில் குழாய் சொட்டுகிறதாம்.
பன்னிரண்டு மணிக்கு ஐவர்,
கட்டில் குட்டை, கால் இடிக்கிறது என்று,
அதே நீளக் கட்டில் இருக்கும் அறைக்கு வந்தார்.
மூன்றடிக் கட்டிலில் மூவர், தரையில் இருவர்.
காசு கொடுத்த நாலு அறைகள்
விளக்கணைக்காமல் கிடந்தன.

நாலு இரவும் அப்படியே.
பெருக்க வந்த பெண்
கசங்காத படுக்கைகளைக் காட்டி
'மற்றவர்கள் வரவில்லையா?' என்றாள்.
என் முகத்தைப் பார்த்துவிட்டு
ஒரு கம்பளி கூடுதலாக வைத்துப் போனாள்.

கிளம்பும் காலை, இழுப்பறையில்
அந்தப் பென்சில் வரிக்குக் கீழே எழுதினேன்:
'கட்டில் தாங்கும்.'

அரண்மனையை வெளியிலிருந்துதான் பார்த்தோம்.
கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று,
மழையில், ஆளுக்குப் பாதி சாண்ட்விச்சோடு.
எழுநூற்றுச் சொச்சம் அறைகளாம், என்றாள் மாலி.
நெஸ்ட் மென்றுகொண்டே
ரொம்ப நேரம் அந்த ஜன்னல்களைப் பார்த்தாள்.

பாவம், என்றாள்.