பெல்ட்டில் ஒரு துளை

நான்கு எலும்புகள், பாதித் தாடை.
ஆய்வகம் அனுப்பிய அட்டையில்
பெயர் இருந்தது: ஹால்வர் டோலஃப்ஸ்ருட்.
கொரியப் பனியில் தொலைந்து
எழுபத்திரண்டு வருடம்
வெறும் எண்ணாகக் கிடந்தவன்.

என் வேலை சீருடை.
எலும்பைக் கம்பளியில் சுற்றி
மேலே முழு உடுப்பையும் விரிக்க வேண்டும்.
உள்ளே ஆளில்லை என்பதற்காகக்
கால்சட்டை மடிப்பு பிசகலாகாது.

அளவு கேட்கத்தான் அழைத்தேன்.
வடக்கு டகோட்டாவிலிருந்து தங்கை ஆர்டிஸ்:
"இடுப்பா? அவனுக்கு ஏது இடுப்பு!
அப்பா பெல்ட்டை ஆணியால் துளைத்துக் கட்டுவான்."
பிறகு வெகுநேரம்
அடுப்பில் எதுவோ கொதிக்கும் சத்தம்.

எங்கள் பெல்ட்டில் துளையே கிடையாது,
பித்தளைக் கொக்கிதான்.
மேலதிகாரி காபிக்குப் போனதும்
ஆணி தேடினேன், அகப்படவில்லை.
குத்தூசியால் போட்டேன்.
சற்றுக் கோணல்.

மண் இறுகுமுன் புதைத்துவிட்டார்கள்.
கூடப் போன சார்ஜென்ட் சொன்னார்:
ஆறு பையன்கள்,
பெட்டிக்குள் முழு ஆள் இருப்பதுபோலவே
தோள் சாய்த்து நடந்தார்களாம்.
மூன்று வேட்டுக்கும்
ஆர்டிஸ் கண் சிமிட்டவில்லையாம்.
மடித்த கொடியை வாங்கி
மடியில் வைத்துக்கொண்டு கேட்டாராம்:

"இடுப்பில் நிற்குமில்லையா?"