ஒன்பதாவது சதுரம்

காரைக்குடி செக்காலை ரோட்டில்
ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடி.
மத்தியானம் மூன்றரை.
பதினான்கு ஆய்வுகள், பதினான்கு ஊர் முழங்கால்கள்.
ஒருவர் வலியைப் பத்துக்கு அளந்திருக்கிறார்,
ஒருவர் நூற்றுக்கு.
கொழும்பிலிருந்து வந்ததில்
அழுவதும் சிரிப்பதுமாக ஆறு பொம்மை முகங்கள்.
படியையும் முழத்தையும் எப்படிக் கூட்டுவது?

வழி இருக்கிறது.
வித்தியாசத்தைத் திட்டவிலக்கத்தால் வகுத்துவிட்டால்
அலகு கழன்றுவிடும்,
ஊறிய உளுந்தின் தோல் மாதிரி.
மிச்சம் வெறும் எண்.
பத்துக்குமில்லை, நூற்றுக்குமில்லை,
வலி என்றுகூட அது சொல்லாது.

ஆட்கள் ஒருவருக்கொருவர் எவ்வளவு வேறுபடுகிறார்களோ
அவ்வளவு சிறுத்துப்போகும் சிகிச்சையின் பலன்.
வகுப்பில் நூறு தடவை சொல்லியிருக்கிறேன்.
ஒரு தடவையும் யோசித்ததில்லை.

கட்டங்களை நிரப்பினேன்:
எண்ணிக்கை, சராசரி, விலக்கம்;
இந்தப் பக்கம் சிகிச்சை, அந்தப் பக்கம் சும்மா இருந்தவர்கள்.
கழித்தல் குறி இங்கே நல்ல சேதி,
வலி இறங்கியிருக்கிறது என்று அர்த்தம்.
தட்டியதும் சதுரங்கள் வரிசையாக இறங்கின,
ஆளுக்கொரு கிடைக்கோட்டைக் குத்திக்கொண்டு,
பூஜ்யக் கோட்டின் இரு பக்கமும் ஒண்டியபடி.
ஒன்பதாவது மட்டும்
மைனஸ் நான்கு.
பக்கத்தை விட்டே ஓடிப்போய்
ஓர் அம்புக்குறியாக நின்றது.

உமையாள் மேடத்துக்கு அனுப்பினேன்.
"வைரம் ஜொலிக்குதே, அப்படியே விடு" என்றார்.
மொத்தக் கணக்கும் கடைசி வரியில்
வைரமாக வந்து உட்காருவது இந்த மென்பொருளின் வழக்கம்.
நாலு கோட்டில் வரைந்தது,
புளூ ஜாகர் ஒன்றும் இல்லை.
ஆனாலும் இந்த ஊர்க்காரிக்கு
வைரம் என்றால் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாக வேண்டும்.

மூன்றாம் அட்டவணை.
4.3, பக்கத்தில் கூட்டல் கழித்தல் 0.4.
இருபத்தைந்து பேருக்குள்
அரைப் புள்ளிகூட விலகல் இல்லையா?
ஒரே ஆளின் இரண்டு முழங்கால்கள்கூட
இவ்வளவு ஒற்றுமையாக வலிக்காதே.

கட்டுரையின் அடியில் ஒரு நம்பர்.
தேவகோட்டை பஸ் ஸ்டாண்டு எதிரே
பிசியோதெரபி வைத்திருக்கும் அருளானந்து எடுத்தார்.
"அது திட்டப்பிழைங்க. சின்னதா இருந்தா
பார்க்க அழகா இருக்கும்னு கைடு போடச் சொன்னார்."
பின்னால் யாரோ ஐயோ என்கிறார்கள்.
"மடக்குங்க, இன்னும் மடக்குங்க" என்று அவர்களுக்கு.
பழைய நோட்டைத் தேடி எடுத்து
எனக்கு வாசிக்க ஆரம்பித்தார்.

மூன்று.
ஐந்து. இவங்க முறுக்கு சுடுறவங்க, நின்னுக்கிட்டேதான் வேலை.
எட்டு. இவங்களுக்குக் கூடிப்போச்சு,
பாதியில நின்னுட்டாங்க, கடைசி நாளுக்குக்
கெஞ்சித்தான் வரவச்சேன்.
ஐந்து.
ஒன்று. பொய் சொல்றார், எனக்குத் தெரியும்.
ஆனா ஒன்றுன்னு சொன்னா ஒன்றுன்னுதானே எழுதணும்.

ஐம்பது எண்களையும் எழுதிக்கொண்டேன்.
விலக்கம் இரண்டு வந்தது.
மைனஸ் நான்கு, மைனஸ் 0.8 ஆயிற்று.
ஆட்கள் கொஞ்சம் என்பதற்காக
மென்பொருள் இன்னும் கிள்ளிக்கொண்டது: 0.79.
எட்டும் இருக்கிறார், ஒன்றும் இருக்கிறார்
வகுக்கிற எண்ணுக்குள்ளே,
பெயரில்லாமல்,
மற்றவர்களின் குணத்தைச் சிறிதாக்கிக்கொண்டு.

அம்புக்குறி போய்விட்டது.
ஒன்பதாவது சதுரம் வரிசையில் நிற்கிறது.
கீழே வைரத்தின் வலது முனை
பூஜ்யக் கோட்டைத் தொட்டு
ஒரு மயிரிழை தாண்டியிருக்கிறது.

மேடம் இரண்டு முறை கூப்பிட்டார்.
எடுக்கவில்லை.
கீழே ஜெராக்ஸ் மிஷின்
யாருடைய பத்திரத்தையோ நகல் எடுத்துக்கொண்டிருந்தது.

மூன்றாவது அழைப்பு அருளானந்து.
"மேடம், அந்த எட்டு இருக்காங்கல்ல,
இப்ப கடைவீதியில பார்த்தேன்.
நல்லா நடக்குறாங்க, கேட்டா நாலுன்னாங்க.
மாத்திக்கலாமா?"

"முடியாதுங்க" என்றேன்.
வைத்த பிறகும்
கொஞ்ச நேரம் அந்தக் கட்டத்தில்
துடித்துக்கொண்டிருந்தது கர்சர்.