ஒரு கட்டை தூரம்

லிஃப்ட்டில் ஒட்டியிருந்த தாளில்
கீபோர்டு, நூற்றெண்பது வெள்ளி,
பதினான்காம் மாடிக்கு வந்து எடுத்துக்கொள்ளவும்
என்று மூன்று மொழிகளில் இருந்தது.
தமிழில் இல்லை.
போனேன்.

எட்டு மாதம் என் தலைக்கு மேலே
அந்தப் பாட்டை வாசித்த மனிதரை
அன்றைக்குத்தான் முகம் பார்த்தேன்.
தியோ. ஈப்போவுக்கு வேலை மாற்றலாம்.
பணத்தை எண்ணாமல் பைக்குள் வைத்தபடி
சத்தம் தொந்தரவாக இருந்ததா என்றார்.
எந்தச் சத்தம், என்றேன்.
பொய்.

ரெலாவ் முழுக்கத் தெரிந்த பாட்டு அது.
கல்யாண மண்டபத்தில் கேக் வெட்டும்போது போடுவார்கள்,
பல் டாக்டரிடம் காத்திருக்கையில் சன்னமாக ஓடும்.
எண்ணிப் பார்த்தால் நாலே நாலு கோர்ட்.
இரவு ஒன்பதரைக்கு அவர் தொடங்குவார்.
ஒன்று.
இரண்டு.
மூன்று.
அங்கே நின்றுவிடுவார்.

அந்த மௌனத்துக்குள்
இடது காலணிக்கு முடிச்சுப் போட்டு முடிப்பேன்.
பிறகு நான்காவது விழும்,
நிறைந்த வாளியைத் தரையில் வைத்ததுபோல்.
அப்புறம் வலது காலணி.
பத்தே காலுக்கு ஃபேக்டரி பஸ்.
பாயான் லெப்பாஸில் விடியும்வரை
உருப்பெருக்கிக்கு அடியில்
சில்லுகளின் கால்களை எண்ணும்போதும்
மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே
என் கண் சற்று நின்றுதான் போகும்.
சூப்பர்வைசர் கேட்டார். தூக்கம் என்றேன்.

ஒருமுறை குவீன்ஸ்பேயில்
அந்தப் பாட்டின் அசல் ஒலிபெருக்கியில் வந்தது.
நாலாவது கோர்ட் நிற்காமல் வந்து சேர்ந்ததில்
இல்லாத படியில் கால் வைத்தவள்போல்
எஸ்கலேட்டரில் தடுமாறினேன்.
பின்னால் நின்ற பையன் பையைப் பிடித்தான்.

கோர்ட் என்றால் வழக்கு நடக்கும் இடம்,
முப்பத்தெட்டு வயதுவரை எனக்கு அவ்வளவுதான்.
கீபோர்டோடு அவர் தன் தாளையும் கொடுத்திருந்தார்.
ஏ ஃப்ளாட், ஈ ஃப்ளாட், எஃப் மைனர், டி ஃப்ளாட்.
கடைசி எழுத்தைச் சுற்றிப் பென்சில் வட்டம்,
வட்டத்தின் மேல் வட்டம்,
தாள் பிய்ந்துவிடும் அளவுக்கு.

லீவு கிடைத்த செவ்வாய்க்கிழமை.
மழை பாலத்தை அழித்துவிட்டிருந்தது.
மூன்றாவதைப் பிடித்தேன்:
வெள்ளை, கறுப்பு, வெள்ளை.
மற்ற இரண்டு விரல்களும் இருந்த இடத்தில் இருக்க
சுண்டுவிரலை மட்டும் பக்கத்துக் கறுப்புக்கு ஏற்றினேன்.
நாலாவது வந்துவிட்டது.

மறுபடி செய்து பார்த்தேன்.
நிஜமாகவே அவ்வளவுதான்.
ஒரு விரல், ஒரு கட்டை தூரம்.

தியோ ஒவ்வொரு தடவையும்
கையை மொத்தமாகத் தூக்கி
மூட்டை முடிச்சு கட்டி, லாரி பிடித்து
அடுத்த அறைக்குக் குடிபோயிருக்கிறார்.

சிரித்தேன். அப்புறம் சிரிக்க முடியவில்லை.
மாடி ஏறிச் சொல்லலாம் என்றால்
அங்கே இப்போது கைக்குழந்தையோடு வேறு யாரோ.

ஒரு வாரத்தில் பாட்டு முழுதும் வழுக்கிக்கொண்டு ஓடியது.
குப்பை போடும் இடத்தில் காக் நொரைனி நிறுத்திக் கேட்டாள்:
லோகேஸ், இது என்ன புதுப் பாட்டா?
அதே பாட்டுதான், காக்.
இல்லையே, என்றாள்,
மீன் பையின் வாயை இறுக்கிக்கொண்டே.
இது நல்லாத்தான் இருக்கு. ஆனா அது இல்லை.

நேற்று ஒன்பதரைக்கு உட்கார்ந்தேன்.
ஒன்று. இரண்டு.
மூன்றில் சுண்டுவிரல்
அந்த வெள்ளையிலேயே இருந்தது.
கறுப்பு பக்கத்தில்தான், தொடும் தூரத்தில்.
கீழ்வீட்டில் யாரோ குழாயை மூடினார்கள்.
மேலே குழந்தை அழவில்லை.

நாற்காலிக்கு அடியில்
இடது காலணி
வாய் திறந்து கிடந்தது.