விண்ணப்பத்தில் இல்லாத கட்டம்

இரண்டாம் உலை ஆறும்வரை காத்திருப்பது என் வேலை.
ஃபிரெடரிக்ஸ்ஹாவன். பிப்ரவரி.
துறைமுகத்தில் கடல் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறது.

சாம்பல் வந்ததும் முதலில் காந்தம்.
பெட்டியின் ஆணிகள், கீல்கள்,
ஒருமுறை யாரோ மடியில் ஒளித்தனுப்பிய
மீன்தூண்டில் முள் பதினொன்று.
பிறகு கை.
டைட்டானிய இடுப்பு காந்தத்துக்கு மசியாது.
வெந்த பின்னும் புத்தம்புதிதாய்க் கிடக்கும்,
நடக்க ஆளில்லாத மூட்டு.
எல்லாம் நீல வாளிக்குள்.
வருடம் இருமுறை லாரி வரும்.
உருக்கிச் சாலையோரத் தடுப்புக் கம்பி செய்கிறார்கள் என்றான் ஓர் ஓட்டுநர்.
விமான இறக்கை என்றான் அடுத்தவன்.
நான் விமானத்தை நம்பிக்கொண்டேன்.

இன்று தோர்கில் ராவ்ன்.
கப்பல் இயந்திர அறையில் முப்பது வருடம்.
சனிக்கிழமைச் சீட்டாட்டத்தில் எனக்கு எதிரில்.

நான்கு வருடத்துக்கு முன்
சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்தான்.
"குடிக்கிறாயா, யூட்டெ?"
சிவப்பு.
செந்திராட்சைச் சாறுபோலத் தெளிந்த சிவப்பு.
"தங்கம். ஊசியில் மிஞ்சியது. கெஞ்சி வாங்கினேன்."
கேலி என்றே நினைத்தேன்.
ஒரு தலைமுடியின் குறுக்களவை
நாலாயிரம் கூறாக்கினால்
அதில் ஒரு கூறுதான் ஒரு துகளாம்.
அவ்வளவு கீழே இறங்கியபின்
பொன் தன் மஞ்சளை மறந்துவிடுமாம்.
ஈரலில் இருந்த கட்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டு
கதிர் வரும்போது
அதன் உக்கிரத்தை அங்கேயே செலவழிக்கவைக்குமாம்,
அண்டை வீட்டுக்குத் தெரியாமல்.

மின்னுவதெல்லாம் பொன்னல்ல, தெரியும்.
பொன்னே மின்னாது என்று
யாரும் எனக்குச் சொல்லவில்லை.

கிடைத்த நான்கு வருடத்தில்
அவன் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை.
அக்கார்டியன் வாங்கினான், விற்றான்.
தம்பியோடு வேலித் தகராறு.
என் காரின் ஹீட்டரைச் சரிசெய்கிறேன் என்று
நிரந்தரமாகக் கெடுத்தான்.

நேற்று அவன் மனைவி இங்கலீஸ தொலைபேசினாள்.
"விண்ணப்பத்தில் கட்டங்கள் இருக்கின்றன.
இதயக் கருவி, இடுப்பு, தகடு, திருகு, பல்.
நான் எதில் குறி போடுவது?"
"எதிலும் வேண்டாம்."
ஆனாலும் ஓரத்தில்
சாய்ந்த எழுத்தில் எழுதியிருந்தாள்:
தங்கம் உண்டு. கண்ணுக்குத் தெரியாது.

அதனால்தான் இந்த நேரத்தில்
டார்ச்சும் பூதக்கண்ணாடியுமாக நிற்கிறேன்.
மொத்தமும் திரட்டினால்கூட ஒரு குந்துமணி தேறாது.
சாம்பல் சாம்பலாகத்தான் இருக்கிறது.

இது தொடக்கம் என்றாளாம் அந்த இளம் மருத்துவர்.
முகவரி தெரிந்த மருந்துகள் வரும்,
ரத்தத்தில் நீந்திக்கொண்டே
சர்க்கரையும் கிருமியும் எண்ணிச் சொல்லும்
கணக்குப்பிள்ளைகள் வருவார்கள்.
வரட்டும்.
எனக்கு ஒரு சந்தேகம் மட்டும்.
இதயம் நின்றதை முதலில் அறிகிறவை அவைதானே,
அப்புறம் யாரிடம் போய்ச் சொல்லும்?
என் உலைக் கதவு மூடும்வரை
ஒன்றையொன்று கேட்டுக்கொண்டிருக்குமா,
மேலே ஏன் பதிலில்லை என்று?

அப்போது இந்த வாளி காலியாக இருக்கும்.
காந்தத்தை எதற்காவது பயன்படுத்தலாம்,
குளிர்பெட்டிக் கதவில் ரசீது ஒட்ட.

பதிவேட்டில் ஒரு பத்தி: மீட்கப்பட்ட உலோகம், கிராம்.
பூஜ்யம் எழுதினேன்.
அடித்தேன்.
வேறு எண் தெரியாததால் மறுபடியும் பூஜ்யம்.

கையுறையைக் கழற்றி உதறப் போனவள்
நின்றுவிட்டேன்.
விரல்நுனியில் சாம்பல் ஒட்டியிருந்தது,
எப்போதும் ஒட்டுகிற அளவு.
அந்தச் சனிக்கிழமைக் கணக்கில்
நீ எனக்கு நாற்பது குரோனர் பாக்கி, தோர்கில்.
பரவாயில்லை.
சில்லறையாகத் தந்துவிட்டாய்.