விற்கவா, வைத்துக்கொள்ளவா

சாட்ஸ்வொர்த் கடையில் இரண்டு புட்டி.
ஒன்று கண்ணாடிபோல் மினுக்கும்,
மற்றது வெறுமனே வெயில் தாங்கும்.
"விற்கவா, வைத்துக்கொள்ளவா?"
என்கிறாள் தாண்டேக்கா.
மினுக்குவது விற்பவர்களுக்காம்.

டர்பன் உப்புக்காற்றில்
பதினான்கு வருஷம் வெந்த டாஷ்போர்டு
ரேடியோவுக்கு மேலே வெடித்திருக்கிறது.
ஜோபர்க் போனபோது கோகிலன்
சாவியை மேசைமேல் வைத்தான்.
வேறொன்றும் சொல்லவில்லை.

போன முறை பளபளப்பைப் பூசிக்கொண்டு
மாரிட்ஸ்பர்க் ஏற்றத்தில் போனேன்.
முன்கண்ணாடி முழுக்க டாஷ்போர்டின் நிழல்,
அதற்குள்ளே எங்கோ ஒரு லாரி.
ஹார்ன் கேட்டுத்தான் பிழைத்தேன்.

பின்னால் வரிசை நீள்கிறது.
"ரோடு தெரியணும்" என்றேன்.
மங்கலானதற்கு பில் போட்டாள்.

வாசலில் நிறுத்திப் பூசுகிறேன்.
வெடித்தது வெடித்தபடியே இருக்கிறது,
கொஞ்சம் கறுப்பாக.