வலப்பக்கம் தின்னும் விசை

ஓவுலுவில் நவம்பர்.
மூன்று மணிக்கே இருட்டிவிடும்.
கடைக்கு வரும் விசைப்பலகைகளைக்
கவிழ்த்துத் தட்டினால்
ரொட்டித் துகள், நாய் முடி,
ஒருமுறை ஒரு பால்பல்.

தேய்மானம் மட்டும் எல்லாவற்றிலும் ஒரே இடம்: பேக்ஸ்பேஸ்.
சொன்னதை விழுங்கி, சொன்னதை விழுங்கி
வழவழத்துப்போய்
இடப்பக்கம் பார்த்த அம்பு பாதிதான் தெரியும்.
பக்கத்து டெலீட்
பெட்டி பிரித்த அன்று போலவே இருக்கும்.

அவுலிக்கி கொண்டுவந்தது தலைகீழ்.
நீதிமன்றத் தட்டச்சர்.
டெலீட்டில் குழியே விழுந்திருந்தது.
கேட்டேன்.

"வரியின் தலைமாட்டில் போய் நிற்பேன்.
வலப்பக்கம் இருப்பதெல்லாம்
ஒவ்வொன்றாய் என்னிடம் வந்து சாகும்.
கடைசியாய்ச் சொன்னதை ஏன் முதலில் அழிக்கணும்?
கோளாறு தொடங்கின இடமா அது?"

ஐம்பது யூரோ சொன்னேன்.
நாற்பது தந்தாள்.

பிறகு ஆப்பிள் போட்ட மடிக்கணினி ஒன்று வாங்கி
மறுநாளே வந்தாள்:
"பாதி விசை இல்லாமலே விற்றுவிட்டான்."
மூலையில் இருக்கும் எஃப்என்னையும்
சேர்த்து அழுத்தச் சொன்னேன்.
"ஒரு எழுத்தைக் கொல்ல ரெண்டு கையா?"

பிப்ரவரியில் கைபேசி.
"இதில் எது?"
எதுவுமில்லை.
இருப்பது ஒன்றே ஒன்று,
வயிற்றில் பெருக்கல் குறி போட்ட அம்பு,
இடப்பக்கம் மட்டும் தின்னும்.
விரலை எடுக்காமல் பிடித்தால்
எழுத்தெழுத்தாய்க் கொறிக்கும்,
பொறுமை போனால் சொல்சொல்லாய்.
எங்கள் மொழியில் சொல் என்பது
சில நேரம் ஒரு சரக்கு ரயில்.

அண்ணன் தபானிக்கு எழுதிவைத்திருந்தாள்,
ஏரிக்கரைக் குடிலின் பங்கு பற்றி,
பதினோரு வருடப் பேச்சின்மைக்குப் பிறகு.
கடைசி வரி மட்டும் போகட்டும் என்று
விரலை வைத்தவள் எடுக்க மறந்தாள்.
வக்கீல் போனார்.
கூரைச் செலவு, படகு, அம்மாவின் மருத்துவமனை
போயின.
கடைசியில், அதாவது முதலில்,
"தபானி".
வெறும் வெள்ளை.

ஒரு கெட்ட வார்த்தை. கூடவே
கைபேசியை ஓர் உதறல்.
உதறியதும் அது கேட்டது,
அழித்ததைத் திருப்பித் தரவா, வேண்டாமா என்று.

"இதை யார் கற்றுக்கொடுத்தது இதுக்கு?"
இரண்டு பதில்களுக்கும் நடுவே
கட்டைவிரல் நின்றது.

நான் முதுகைக் காட்டி
ஒரு திருகாணியைத் தேடினேன்,
என் உள்ளங்கையிலேயே இருந்ததை.
பின்னால் எட்டுத் தட்டல்கள்.
எண்ணுவது தொழில் பழக்கம்.

எங்கள் மொழியில் மன்னிப்புக்கு எட்டு எழுத்து.
வேறு பல சொற்களுக்கும்
எட்டுதான்.