ஏழாவது அலசல்

எண்பத்தாறில், பாசலில்,
கழுவறை எனக்கு. நாலாம் மாடி
டொக்டர் சும்ஷ்டைனுக்கு.
வேற்று உயிரின் மரபணு ஒன்றுக்கு
நுண்ணுயிருக்குள்
வதிவிட அனுமதி கேட்டுக்கொண்டிருந்தா.
எனக்கும் அப்போது அதே விண்ணப்பம்தான்.
மூன்று மாதம்.
இரண்டு பேருக்கும் மறுப்பு.

ஒரு நாள் கீழே இறங்கி வந்தா:
"சவர்க்காரம் மாற்றினீங்களா?"
மாற்றியிருந்தேன். மலிவு எண்டு
கந்தோர் வாங்கிக் கொடுத்தது.
ஏசவில்லை.
என் பக்கத்தில் நின்று, குடுவையை
ஏழு தரம் அலசிக் காட்டினா.

பிறகு பரிசு, பத்திரிகையில் படம்,
வாசலில் பதாகையோடு கத்திய சனம்.
எனக்கு எல்லாம்
கழுவ வரும் தட்டுகளின் தொகைதான்.

நேற்று ஓய்வு. கேக் முடிய,
தன் கோப்பையோடு குழாயடிக்கு வந்தா.
மனதுக்குள் எண்ணினேன்.
ஆறு.
திரும்பி என்னைப் பார்த்தா,
குழாயை மறுபடி திறந்தா.